யார் உழைப்பில் முனைவராகிறோம்?

(ஆய்வு மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'குடும்பம், வேலை, ஆய்வு: சமாளிப்பது எப்படி?' என்பது. அழைப்பிதழில் பார்த்தபோதே இந்தச் 'சமாளிப்பது' என்ற சொல் கொஞ்சம் உறுத்தியது. நம்ம சனங்க எதையெல்லாம் சமாளிக்கிறார்கள்? மழை வந்து குடிசைக்குள்ள தண்ணி புகுந்தா சமாளிப்பாங்க. வட்டிக்காரன் வாசல்ல வந்து நின்னா சமாளிப்பாங்க. அதாவது நம்மீது ஏவப்படுகிற ஒன்றை, யார் ஏவுகிறார்கள் என்று கேட்காமல், அன்றைய பொழுதுக்குத் தள்ளிப்போடுவதற்குப் பேர்தான் சமாளிப்பு. அதில் நாம் கெட்டிக்காரர்களாக ஆக ஆக, ஏவுகிறவன் நிம்மதியாக இருக்கிறான்.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. இதே அரங்கத்தில் முனைவர் பட்ட ஆய்வில் இருக்கிற ஆண் தோழர்கள் நிறையப் பேர். அவர்களில் சிலர் அப்பாக்கள். 'பிள்ளையையும் வளர்த்துக்கிட்டு ஆய்வையும் எப்படித் தோழர் சமாளிக்கிறீங்க?' என்று அவர்களை யாராவது மேடையேற்றிக் கேட்டிருக்கிறோமா? கேட்டதில்லை. அவர்களுக்குக் கொடுக்கிற தலைப்பு தலித் அரசியல், பின்நவீனத்துவம், நிலவுரிமை. எனக்குக் கொடுத்தது சமாளிப்பு. அழைத்த தோழர்கள் மீது கோபமில்லை. ஆனால் தலைப்பை மாற்றிக்கொண்டு பேச அனுமதிக்க வேண்டும். நாம் யார் உழைப்பில் முனைவராகிறோம்? இதுதான் என் தலைப்பு.

முதலில் என் கணக்கை வைத்துவிடுகிறேன். கணக்கு இல்லாமல் பேசினால் அது புலம்பலாகப் போய்விடும்.

நான் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரில் இருக்கிறது. கைக்கு வருவது மாதம் 20,000 ரூபாய், அதுவும் வருஷத்துக்குப் பதினோரு மாதம்தான். வீட்டுக்காரர் வாடகை வண்டி ஓட்டுகிறார், எல்லாம் போக மாதம் 15,000 வரும். ஆக 35,000. வீட்டு வாடகை 7,000. அரிசி, மளிகை, பால், கேஸ் எல்லாம் சேர்த்து 10,500. பிள்ளைகள் இரண்டு பேர், பள்ளிக்கூடமும் ஆட்டோவும் 4,000. மகளிர் குழுக் கடன் 3,200. எனக்கு பஸ்ஸுக்கு 2,200. அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை 1,200. ஊரில் இருக்கிற அப்பாவுக்கு 2,000. சீட்டு 1,000. கூட்டிப் பாருங்கள், 31,100 வரும். மிச்சம் 3,900. கரண்ட் பில், போன், காய்ச்சல், காதுகுத்து, சாவு எல்லாம் அதுக்குள்ள அடங்கணும். முனைவர் பட்ட ஆய்வும் அதுக்குள்ளதான் அடங்கணும். வருஷாந்திரப் பல்கலைக்கழகக் கட்டணம், ஜெராக்ஸ், தட்டச்சு, பைண்டிங், கருத்தரங்குப் பதிவுப் பணம், எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போய்வரச் செலவு. சம்பளம் வராத அந்தப் பன்னிரண்டாவது மாதம் குழுக்கடனில் கழியும். அடுத்த பதினோரு மாதம் அதைக் கட்டுவோம்.

பணக்கணக்கு இது. நேரக்கணக்கு இன்னொன்று. காலையில் நாலேகாலுக்கு எழுந்திருக்கிறேன். நாலரையிலிருந்து ஐந்தேமுக்கால் வரை எழுத்து. அதன்பிறகு அடுப்பு, டிபன் டப்பா, தலை பின்னுவது, பஸ், கல்லூரி, திரும்பி வந்து வீட்டுப்பாடம், மறுபடி அடுப்பு. ஒரு நாளைக்கு எழுபத்தைந்து நிமிஷம். வாரத்துக்கு ஆறு நாள் என்று வைத்தால் ஏழரை மணி நேரம். விடுதியில் தங்கி முழுநேரமாக ஆய்வு செய்கிற ஒருவர் ஒரே நாளில் செலவழிக்கிற நேரம் அது. ஆனால் அவருக்கும் விதி ஆறு வருஷம்தான், எனக்கும் ஆறு வருஷம்தான். சமத்துவம் என்பதை இந்த நாட்டில் இப்படித்தான் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

நான் ஆய்வு செய்வது பஞ்சமி நிலத்தைப் பற்றி. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891-ல் அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892-ல் நிலம் ஒதுக்கி அரசாணை வந்தது. பிறத்தியாருக்கு விற்கக்கூடாது, கைமாறக்கூடாது என்று நிபந்தனை போட்டுக் கொடுத்த நிலம். நூறு வருஷம் கழித்து, 1994 அக்டோபர் 10-ல், காரணை நிலத்தைக் கேட்டுப் போராடியதற்காக ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரை விட்டார்கள். பட்டா நம்ம பேரில், பயிர் வைக்கிறது வேறொருத்தன் என்பதுதான் பஞ்சமி நிலத்தின் கதை. அதிகாலையில் உட்கார்ந்து இதை எழுதும்போது எனக்கு ஒன்று தோன்றும். என் நேரமும் இப்படித்தான் இருக்கிறது. பேர் என்னுது, அனுபோகம் வேற யாருதோ.

இப்போது பாபாசாகேப்பிடம் வருவோம். நாமெல்லாம் அவர் படத்தைப் பார்த்துப் படிக்க வந்தவர்கள். கோட்டு, டை, கையில் புத்தகம், பேருக்குப் பின்னால் வரிசையாகப் பட்டங்கள். அந்தப் படத்தில் இல்லாதது என்ன என்று பார்க்கலாம்.

1913-ல் அவர் நியூயார்க் போனபோது வயது 22. கல்யாணமாகி ஏழு வருஷம். மகன் யஷ்வந்துக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை. அப்பா ராம்ஜி அந்த வருஷம் பிப்ரவரியில்தான் இறந்திருந்தார். பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகை மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று வருஷத்துக்கு. படித்துவிட்டு வந்து பத்து வருஷம் சமஸ்தானத்தில் வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம். கொலம்பியாவில் முடித்து 1916-ல் லண்டனுக்குப் போகிறார். 1917-ல் உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது, படிப்பை நடுவில் விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதாகிறது. பரோடாவில் வேலைக்குப் போனால் தங்க இடமில்லை, சாதி துரத்துகிறது. 1918-ல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் வேலை. அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தது, கோலாப்பூர் சாகு மகாராஜா செய்த உதவி, நண்பர் நேவல் பதேனாவிடம் வாங்கிய 5,000 ரூபாய்க் கடன், இவற்றை வைத்துக்கொண்டு 1920-ல் மறுபடியும் கப்பலேறுகிறார். 1921-ல் எம்.எஸ்சி., 1923-ல் டி.எஸ்சி. கொலம்பியாவுக்கான ஆய்வேடு நூலாக அச்சானது 1925-ல், அந்த முனைவர் பட்டம் முறைப்படி வந்தது 1927-ல்.

1913-லிருந்து 1927 வரை எண்ணிப் பாருங்கள். பதினாலு வருஷம். இன்றைய யு.ஜி.சி. விதியை வைத்துப் பார்த்தால் பாபாசாகேப்பின் பதிவு எப்போதோ ரத்தாகியிருக்கும்!

இது அவர் பக்கத்துக் கதை. இன்னொரு பக்கம் பம்பாயில், பரேலில், தொழிலாளர் குடியிருப்பில் நடந்தது. ரமாபாய். பெற்றது ஐந்து பிள்ளைகள். தங்கியது யஷ்வந்த் ஒருவர்தான். கடைசிக் குழந்தை ராஜரத்னா 1926-ல் போய்ச் சேர்ந்தான். கணவர் கடல் தாண்டி நூலகத்தில் உட்கார்ந்திருந்த காலத்தில், வரட்டி தட்டி வீட்டை நடத்தினார் ரமாபாய் என்று மராட்டிய தலித் வீடுகளில் இன்றைக்கும் சொல்வார்கள். 1935 மே 27-ல் இறந்தார். பாபாசாகேப் அதை மறக்கவில்லை. பாகிஸ்தான் குறித்து எழுதிய நூலை ரமாபாய்க்குத்தான் காணிக்கையாக்கினார்.

நாம் என்ன செய்தோம்? ரமாபாயைத் 'தியாகத் தாய்' ஆக்கினோம். தியாகம் என்று ஒரு தரம் சொல்லிவிட்டால் கணக்கு முடிந்துபோகிறது பாருங்கள். கடன் என்று சொன்னால் திருப்பிக் கொடுக்கணும். கூலி என்று சொன்னால் பேசித் தீர்க்கணும். தியாகம் என்றால் மாலை போட்டால் போதும்.

இது ரமாபாயோடு முடிந்த விஷயமும் இல்லை. என் வீட்டிலேயே இருக்கிறது. 2019-ல் நான் ஆய்வுக்குப் பதிவு செய்தேன். இரண்டாவது வருஷம் சின்னவள் பிறந்தாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து அம்மா வந்தார்கள். அதுவரை ஊரில் நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். நடவுக்கும் களைக்கும் கூப்பிட்டால் அதுக்கும் போவார்கள். இங்கே வந்ததும் எல்லாம் நின்றுபோனது. 2024-25-ல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நூறு நாள் வேலைக் கூலி ஒரு நாளைக்கு 319 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்து, கூலி குறையாமலும் வந்திருந்தால் 31,900 ரூபாய். கழனி வேலைக் கூலி தனி. ஆக, எழுத்துகூட்டிப் படிக்கத் தெரியாத ஒரு கூலிக்காரப் பெண் தன் மகளுக்கு வருஷத்துக்கு 31,900 ரூபாய் ஆய்வு உதவித்தொகை தந்திருக்கிறாள். விண்ணப்பம் கேட்கவில்லை. வருமானச் சான்றிதழ் கேட்கவில்லை. ஆறு மாசம் இழுத்தடிக்கவுமில்லை. எங்கம்மா கிட்ட இதைச் சொன்னேன். 'அடிப்போடி, இதெல்லாமா கணக்கு பாப்பாங்க' என்று சிரித்தார்கள். பார்க்கணும் தோழர்களே. கணக்குப் பார்க்காததால்தான் நம்ம அம்மாக்களின் உழைப்பு எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஆண்டையும் இதே மாதிரிதான் நம்ம பாட்டன் உழைப்பைக் கணக்கில் எழுதாமல் விட்டான்.

இனி அரசாங்கத்தின் கணக்கைப் பார்ப்போம்.

ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2019 ஜனவரியிலிருந்து 31,000, 2023 ஜனவரியிலிருந்து 37,000. இது முழுநேரம் ஆய்வு செய்கிறவர்களுக்கு, அதிகபட்சம் ஐந்து வருஷத்துக்கு. நெட் தேர்வில் இந்த இடம் கிடைக்காத மத்தியப் பல்கலைக்கழக ஆய்வாளருக்கு 8,000 ரூபாய். அதையும் நிறுத்தப்போவதாக 2015 அக்டோபரில் யு.ஜி.சி. முடிவெடுத்தபோது டெல்லியில் மாணவர்கள் அதன் அலுவலக வாசலிலேயே உட்கார்ந்து போராடினார்கள், தடியடி வாங்கினார்கள். அதனால்தான் அந்த எட்டாயிரம் தப்பித்தது. நம் மாநிலத்து ஆதிதிராவிடர் நலத்துறை முழுநேர முனைவர் ஆய்வாளர்களுக்கு வருஷத்துக்கு 1 லட்சம் தருகிறது. வரவேற்க வேண்டியதுதான். மாதத்துக்குப் பிரித்தால் 8,333. வீட்டு வாடகைக்குப் போதும்.

எல்லாவற்றிலும் இருக்கிற ஒரு சொல்லைக் கவனியுங்கள். முழுநேரம். வேலைக்குப் போய்க்கொண்டு பகுதிநேரமாகப் படிக்கிறவருக்கு ஒரு காசு கிடையாது. ஏன் வேலைக்குப் போகிறார்? வீட்டில் பசி. வீட்டில் பசி இருப்பதால் வேலைக்குப் போகிறார், வேலைக்குப் போவதால் உதவித்தொகை இல்லை, உதவித்தொகை இல்லாததால் வேலையை விட முடியவில்லை. ஓடிக்கொண்டே இருக்கலாம், இடம் நகராது. பகுதிநேரத்துக்கு வேலை கொடுப்பவரிடம் தடையில்லாச் சான்று வேறு வாங்க வேண்டும். வருஷா வருஷம் வேலை நீட்டிப்புக்காகக் கைகட்டி நிற்கிற ஒருத்தி, அதே மேசை முன்னால் இன்னொரு கையெழுத்துக்காகவும் நிற்க வேண்டும்.

ஜே.ஆர்.எஃப். வயது வரம்பையும் பாருங்கள். பொதுவாக 30. பட்டியல் சாதியினருக்கு ஐந்து வருஷம் தளர்வு. பெண்களுக்கும் ஐந்து வருஷம் தளர்வு. அப்படியானால் தலித் பெண்ணுக்கு எத்தனை? பத்து என்று நினைப்பீர்கள். எந்த நிலையிலும் மொத்தத் தளர்வு ஐந்தைத் தாண்டக்கூடாது என்று அறிவிக்கையிலேயே எழுதியிருக்கிறார்கள். சாதியால் தாமதமாகப் பள்ளிக்கூடம் போனது ஒரு தாமதம். கல்யாணம், பிள்ளைப்பேறு என்று நின்றது இன்னொரு தாமதம். இரண்டும் ஒரே உடம்பில் நடக்கும் என்று அந்த விதியை எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை. தலித் என்றால் ஆண், பெண் என்றால் சாதி இந்துப் பெண். தலித் பெண் என்கிறவள் விதிக்குள் வரவே இல்லை.

2016-ல் வந்த யு.ஜி.சி. விதியில் பெண் ஆய்வாளர்களுக்கு இரண்டு வருஷம் கூடுதல் காலமும், ஆய்வுக்காலம் முழுமைக்குமாக 240 நாள் மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் கொடுத்தார்கள். 2022 நவம்பர் விதியிலும் அது தொடர்கிறது. மறுபதிவோடு சேர்த்தால் பெண்களுக்குப் பத்து வருஷம் வரை போகலாம். இது போராடிப் பெற்ற உரிமை. விட்டுக்கொடுக்கக் கூடாது. நானும் இப்போது நீட்டிப்பில்தான் இருக்கிறேன். ஆனால் இரண்டு கேள்வி இருக்கிறது. ஒன்று, ஐந்து வருஷத்தோடு உதவித்தொகை முடிந்துபோகிறதே, ஆறாவது வருஷத்திலிருந்து அவள் என்ன சாப்பிடுவாள்? காலத்தைக் கொடுத்தார்கள், கஞ்சியைக் கொடுக்கவில்லை. இன்னொன்று, இந்தப் பராமரிப்பு விடுப்பு ஏன் பெண்ணுக்கு மட்டும்? அப்பாவாகிற ஆய்வாளருக்கு ஒரு நாள்கூட இல்லை. பிள்ளை வளர்ப்பது அம்மாவின் வேலை என்று மனு எழுதினால் கொளுத்துகிறோம். அதையே அரசிதழில் அச்சடித்தால் சலுகை என்று வாங்கி வைத்துக்கொள்கிறோம்.

தொழிற்சாலைப் பெண்களுக்கு 2017 சட்டத் திருத்தம் 26 வார விடுப்பு கொடுத்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. பல்கலைக்கழகத்தில் ஆய்வகத்தைக் கூட்டிப் பெருக்கிய பிறகு அதைத் திறந்துவைத்து, இளங்கலைப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்து, விடைத்தாள் திருத்தி, கருத்தரங்கில் நாற்காலி போடுகிற ஆய்வாளர் அந்தக் கணக்கில் வருவாரா? வரமாட்டார். அவர் தொழிலாளி இல்லையாம், மாணவராம். வேலை வாங்கும்போது தொழிலாளி, உரிமை கேட்கும்போது மாணவர்.

இதெல்லாம் வெறும் நிர்வாகக் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். 2016 ஜனவரி 17-ல் ஹைதராபாத்தில் ரோகித் வெமுலாவை இழந்தோம். அவர் விட்டுப்போன கடிதத்தில், தனக்கு வரவேண்டிய ஏழு மாத உதவித்தொகை 1,75,000 ரூபாய் பற்றியும், அதை வீட்டுக்குச் சேர்ப்பிக்க வேண்டும் என்றும், அதில் ஒரு நண்பருக்குத் தரவேண்டிய கடன் பற்றியும் எழுதியிருந்தார். அந்த நேரத்திலும் கணக்கு. சாதி இந்து வீட்டு ஆய்வாளருக்கு உதவித்தொகை என்பது கைச்செலவு. நம் பிள்ளைகளுக்கு அது ஒரு குடும்பத்தின் உலை. அதை மாதக்கணக்கில் நிறுத்துகிறவனுக்கு இது தெரியாமல் இல்லை.

ஒரு முறை ஆய்வுக்குழு முன்னால் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி என் இயல் பற்றியதில்லை. 'ரெண்டு கொழந்தைய வச்சிக்கிட்டு எப்படிம்மா முடிப்பீங்க?' என்பதுதான். அக்கறை மாதிரிதான் இருக்கும். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் 'கோட்டாவுல வந்து எடத்த அடைச்சிக்கிட்டாங்க' என்பதும் இருக்கிறது என்று நமக்குத் தெரியும். அன்றைக்கு நான் சொன்ன பதிலையே இங்கேயும் சொல்கிறேன். என் ஆய்வு வாய்மொழி வரலாறு. களப்பணிக்குப் போகும்போது பெரியவனை விட்டுவிட்டுப் போக ஆளில்லாததால் கூடவே கூட்டிப் போனேன். நோட்டும் பேனாவுமாக ஒருத்தி தனியாகப் போய் நின்றால் சேரிக் கிழவிகள் என்ன நினைப்பார்கள்? தாலுக்கா ஆபீஸ் ஆள் என்று நினைப்பார்கள். 'எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா' என்று முடித்துவிடுவார்கள். இடுப்பில் பிள்ளையோடு போனவளுக்குத் திண்ணையில் இடம் கிடைத்தது. பிள்ளைக்குப் பொரியுருண்டை கிடைத்தது. அந்தப் பொரியுருண்டை தீருவதற்குள், எந்த வருஷம், எந்த மணியக்காரன், எந்த ரேகையை எதற்கென்று சொல்லி உருட்டினான் என்பது எனக்குக் கிடைத்தது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இல்லாத ஆவணம் அது. பிள்ளை ஆய்வுக்குத் தடை என்று பாடம் நடத்துகிறார்கள். என் ஆய்வின் மூன்றாம் இயலைத் திறந்துகொடுத்ததே ஒரு நாலு வயதுப் பையன்தான்.

இப்படிச் சொல்வதால், எல்லாக் கஷ்டத்திலும் ஒரு நன்மை இருக்கிறது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்திரிகையில் போடுவார்களே, 'வறுமையிலும் சாதித்த பெண்', 'கூலித் தொழிலாளி மகள் முனைவரானார்' என்று. படத்தோடு வரும். அந்தச் செய்தியில் வறுமையை யார் உண்டாக்கினார்கள் என்று ஒரு வரி இருக்காது. ஒருத்தி தாண்டிவிட்டாள் பார், உனக்கென்ன என்று மற்ற ஆயிரம் பேரைக் குத்துவதற்குத்தான் அந்தச் செய்தி. நமக்குச் சாதனைப் பெண்கள் வேண்டாம். சாதாரணமாகப் படித்து, சாதாரணமாகத் தூங்கி, சாதாரணமாக முடிக்கிற பெண்கள் போதும்.

சரி, இயக்கத்துத் தோழர்களிடம் வருகிறேன். இது நம் வீட்டுப் பேச்சு, வெளிப்படையாகத்தான் பேச வேண்டும். நம் ஆண் தோழர்களின் ஆய்வேடுகளில் நன்றியுரைப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். முதலில் நெறியாளர். பிறகு துறைத்தலைவர், நூலகர், நண்பர்கள், தட்டச்சு செய்தவர். கடைசி வரியில் 'என் இல்லறத்துணைக்கும் என் செல்லக் குழந்தைகளுக்கும்'. அந்தக் கடைசி வரியில் இருக்கிறவள்தான் ஐந்து வருஷம் சோறாக்கினாள். பிள்ளை அழும்போது வெளியே தூக்கிக்கொண்டு போனாள். நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டினாள். அவளும் எம்.ஏ. படித்தவளாக இருக்கலாம். 'முதல்ல அவரு முடிக்கட்டும், அப்புறம் நான்' என்று சொல்லியிருப்பாள். அந்த அப்புறம் எத்தனை வீட்டில் வந்திருக்கிறது? கையைத் தூக்கச் சொல்லிக் கேட்டால் இந்த அரங்கத்தில் எத்தனை கை எழும்பும்?

பார்ப்பனியம் என்பது என்ன? உழைப்பைக் கீழே தள்ளி, அறிவை மேலே வைத்து, இரண்டுக்கும் நடுவில் பிறப்பைக் கோடாகக் கிழிப்பது. நம் வீட்டுக்குள்ளேயே ஒருத்தி உழைப்பாகவும் ஒருத்தர் அறிவாகவும் பிரிந்து உட்கார்ந்தால், அந்தக் கோட்டை நாமே நம் நடுவீட்டில் கிழித்துக்கொள்கிறோம். இதைச் சொன்னால் 'தலித் ஒற்றுமையை உடைக்கிறீங்க' என்பார்கள். அடுப்பங்கரையில் ஒருத்தியைப் பூட்டிவைத்துக் கட்டுகிற ஒற்றுமை எத்தனை நாளைக்கு நிற்கும்?

என்ன செய்யலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விமர்சனத்தோடு எழுந்து போய்விட்டால் இங்கே வந்திருக்கிற தங்கைகளுக்கு ஒன்றும் கிடைக்காது.

நாங்கள் ஆய்வு செய்கிற பெண்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் எல்லாம் ஒரே வீட்டில். வீட்டு ஆண்கள் முறைவைத்துச் சமைக்கிறார்கள், பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். நாங்கள் நாலு பேரும் இன்னொரு வீட்டில் உட்கார்ந்து காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை எழுதுகிறோம். ஆரம்பத்தில் வீட்டுக்காரர்களிடம் முணுமுணுப்பு இருந்தது. இப்போது சாம்பாரில் யார் கை பெரிய கை என்று அவர்களுக்குள் போட்டி. மாதம் ஆளுக்கு 200 ரூபாய் ஒரு பொதுப் பெட்டியில் போடுகிறோம். யாருக்குக் கட்டணம் கட்ட நாள் நெருங்குகிறதோ அவர் எடுத்துக்கொள்வார், வட்டி இல்லாமல் திருப்புவார். கந்துவட்டிக்குப் போகாமல் ஒரு பருவம் கழிந்தால் அதுவே ஒரு இயல் எழுதுகிற தெம்பு. ஆவணக் காப்பகத்துக்கு ஒருவர் போனால் மற்ற மூன்று பேருக்கும் வேண்டியதையும் பார்த்துக் குறிப்பெடுத்து வருவார். பெரிய புரட்சி ஒன்றுமில்லை. ஆனால் தனித்தனியாகச் சமாளித்துக்கொண்டிருந்ததைக் கூட்டாகச் செய்யும்போதுதான், இது என் கையாலாகாத்தனம் இல்லை, இது ஒரு அமைப்பின் வேலை என்பது தெரிகிறது. தெரிந்த பிறகுதான் கேட்க முடியும்.

என்ன கேட்பது? உதவித்தொகை மாதா மாதம் வர வேண்டும். சம்பளம் மாதிரி, தேதி சொல்லி வர வேண்டும். வேலை செய்துகொண்டே படிக்கிற பட்டியல் சாதி, பழங்குடி ஆய்வாளர்களுக்குக் குறைந்தபட்சம் கட்டணத்தையும் களப்பணிச் செலவையும் அரசு ஏற்க வேண்டும். நீட்டிக்கப்பட்ட காலத்துக்கும் உதவித்தொகை நீள வேண்டும். தலித் பெண்ணுக்கு ஐந்தும் ஐந்தும் பத்து என்று கூட்டத் தெரிய வேண்டும். ஆய்வாளர் எண்ணிக்கையையும் கணக்கில் சேர்த்துப் பல்கலைக்கழக வளாகத்தில் குழந்தைக் காப்பகம் திறக்க வேண்டும். அதில் ஆய்வாளரின் பிள்ளையோடு, வளாகத்தைப் பெருக்குகிற தோழியரின் பிள்ளையும் இருக்க வேண்டும். அந்தத் தோழியர் யார் என்று நமக்குத் தெரியும், அவர்களும் நம் தெருவிலிருந்துதான் வருகிறார்கள். அப்பாவுக்கும் பராமரிப்பு விடுப்பு வேண்டும். நம் இயக்கக் கூட்டங்களிலும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் போட வேண்டும், அந்த ஆள் ஆணாக இருக்க வேண்டும்.

தங்கைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஒரு நாளைக்கு எழுபத்தைந்து நிமிஷம் கிடைத்தால் அதை யாருக்கும் குத்தகைக்கு விடாதீர்கள். காய்ச்சல், கல்யாணம், கருமாதி என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். பஞ்சமி நிலம் ஒரே நாளில் போய்விடவில்லை. வரப்பு வரப்பாகத்தான் போனது. வாயால் சொல்லி வாங்கியவனும் உண்டு, ரேகை உருட்டி வாங்கியவனும் உண்டு. நம் நேரமும் வரப்பு வரப்பாகத்தான் போகும். அதனால் முதல் வரப்பிலேயே நின்று மறியுங்கள்.

நான் இந்த ஆய்வை முடித்துவிடுவேன். ஆய்வேட்டின் நன்றியுரையில் முதல் வரி எங்கம்மாவுக்கு. நன்றி என்ற சொல் அதில் இருக்காது. இத்தனை வருஷம், இத்தனை நாள் கூலி, இத்தனை ரூபாய் என்று கணக்காக எழுதப்போகிறேன். பல்கலைக்கழகம் அதை ஏற்குமா என்று தெரியாது. உங்கள் ஆய்வேட்டிலும் ஒவ்வொருவரும் அந்தக் கணக்கை எழுதினால், ஏற்காமல் எத்தனை ஆய்வேட்டைத் திருப்பி அனுப்புவார்கள், பார்ப்போம்.

ஜெய்பீம்.